இருமல்: பெ. அருள்தாஸ்

நாற்பத்தேழு வெள்ளி முப்பது காசு.
காசோலையோடு வந்த தாளில்
என் பெயருக்கு நேரே, பங்களிப்பு என்ற கட்டத்தில்
இருமல்.

மில் கேண்டீனில் நாலு கை மாறியது அந்தத் தாள்.
"இருமினதுக்கா? எங்கப்பன் இருமினதுக்கு
பங்களாவே கட்டியிருக்கலாம்" என்றான் ஞானவேலு.
எனக்குச் சிரித்தால் இருமல் வரும். வந்தது.
"பிடி பிடி, அஞ்சு வெள்ளி வீணாப் போகுது!"

பாட்டின் பெயர் 'தராசு'. செய்தவள் கோமளா.
உங்களுக்கு அவள் கோமா.

லாபிஸில் துரை பங்களாவைக் காலி செய்த வருஷம்
ஆ லியோங் இரும்புக்கடையில் இசைத்தட்டு
கிலோ எண்பது காசு.
மூன்றரைக் கிலோ ஜாஸ் வாங்கினாள்.
பூஞ்சை பூத்த உறைகளில்
யாரோ கறுப்பு மனிதர்கள் கன்னம் உப்பி ஊதினார்கள்.
சுற்றுவதற்கு மெஷின் இல்லை.
ஒரு மாதம் உறைகளை மட்டும் கேட்டோம்.

மெஷின் வந்தபோது ஊசி ஓரிடத்தில் சிக்கியது.
டிரம்பெட் இரண்டரை விநாடி,
மறுபடி அதே இரண்டரை விநாடி.
தட்டப் போனேன். "தொடாதே" என்றாள்.
அந்த இரண்டரை விநாடிக்குள்தான்
நான் ராப் பாடப் பழகினேன்:
சம்பளச் சீட்டு, கொசுமருந்து, தண்ணீர் வராத குழாய்.
எதுகை என்னுடையது. கோபம் பாதி இரவல்.

லயத்துக்கு இரண்டு அர்த்தம் என்பார் தமிழ் வாத்தியார்.
எங்களுக்கு ஒதுக்கியது ஒன்றுதான்,
கதவு எண் பதினேழு.
மற்றதை அவள் கள்ள மென்பொருளில் தேடினாள்.
அவளுடைய டிரம் எப்போதும் ஒரு மயிரிழை பிந்தி விழும்.
"தாளம் லேட்டு" என்பேன்.
"லாபிஸுக்கு எந்த ரயில்டா நேரத்துக்கு வந்தது?"

பிறகு கோலாலம்பூர்.
பிரிக்பீல்ட்ஸ் கல்யாணங்களில் டிஜே.
ஸ்டூடியோக்காரர் ஒருவர் சொன்னாராம்:
"ஒரு உறுமி போடும்மா, தோட்டத்து வாசம் வரட்டும்."
அவள் அனுப்பியது
எங்கள் மில் எடைமேடை.
லாரி ஏறும்போது முனகும் இரும்புத் தட்டு,
செம்பனைக் குலை விழும் பொத்,
பொய்லர் விடும் பெருமூச்சு.
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
கீபோர்டை விற்று மூன்று வருஷம்
தொலைபேசியில் யாருக்கோ மன்னிப்புக் கேட்கும் வேலை.

நடுவில் என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாது.
மூவார் ஹாஃபிஸ் டபுள் பாஸ்,
கிளுவாங் இவோன் லிம் சாக்ஸபோன்,
சிங்கப்பூரில் ஒரு மாடி, ஒசாகாவில் ஒரு நிலவறை,
அறுபது நாற்காலி, அறுபதும் நிறைந்தது என்று
ஒரு நள்ளிரவு செய்தி அனுப்பினாள்.
நான் அப்போது இரண்டாம் ஷிப்ட்.

பதினோரு வருஷம் கழித்து
மைக்கோடு எடைமேடைக்கு வந்தாள்.
நாலு வரி எழுதி வை என்று முன்பே சொல்லியிருந்தாள்.
ஒன்பது இரவு உட்கார்ந்து எழுதினேன்.
நார்ப் புகை தொண்டையில் ஏறியிருந்த நேரம்.
முதலில் இருமினேன்.
அப்புறம் நாலு வரியையும் தப்பில்லாமல் சொன்னேன்.

இசைத்தட்டில் நாலு வரியும் இல்லை.

போனில் கத்தினேன். கத்தி முடியும்வரை இருந்தாள்.
"வரி நல்லாத்தான் இருந்துச்சு.
ஆனா நீ பாடலை அருள், ஒப்பிச்சே."
வைத்துவிட்டேன். இரண்டு வாரம் பேசவில்லை.
மூன்றாவது வாரம் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டிக் கேட்டேன்.
சாக்ஸபோன் ஏறி, ஏறி, நிற்கிறது.
ஹாஃபிஸ் விரலைத் தூக்கிக் காத்திருக்கிறார்.
டிரம் விழவேண்டிய இடம் காலி.
அதற்கு ஒரு மயிரிழை பிந்தி
நான்.

அதற்கப்புறம்தான் பாஸ் இறங்குகிறது.

காசோலையைப் போட்டாயிற்று. வங்கி அம்பது காசு பிடித்தது.
இப்போது அடுத்த லாரி ஏறுகிறது, பதினெட்டு டன் இருக்கும்.
தட்டு முனகுகிறது.
எண்ணைப் பதிவு செய்யும் பொத்தான் மேல் விரலை வைத்து,
அழுத்த வேண்டிய நேரத்தில் அழுத்தாமல்
கொஞ்சம் நிற்கிறேன்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.